இலவசத் தளங்களும் இல்லாத தீர்ப்புகளும்

1

சட்டம் தெரியாது என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. நமது நீதிமுறையின் அடிப்படை அனுமானங்களில் இது ஒன்று. குடிமக்கள் எல்லாரும் எல்லாச் சட்டங்களையும் அறிந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை அவர்கள் எங்கே போய்ப் படிப்பது என்ற கேள்விக்கு இந்த அனுமானத்தின் காவலர்கள் வெகுகாலம் பதில் சொன்னதில்லை. மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு குத்தகைச் சாகுபடியாளருக்கு நோட்டீஸ் வந்தால், வக்கீல் வீட்டு அலமாரியில் தோல் அட்டையோடு வரிசையாக நிற்கும் தொகுதிகள்தாம் அவருக்குச் சட்டம். சட்டம் எல்லோருக்கும் பொது. அலமாரி மட்டும் வக்கீலுடையது.

இப்போது அந்தச் சாகுபடியாளரின் மகன் கையில் போன் இருக்கிறது. "நெட்டுல போட்டுப் பாத்தேன் சார், நமக்குச் சாதகமா ஒரு ஜட்ஜ்மெண்ட் இருக்கே" என்கிறான். "நெட்டுல வர்றதையெல்லாம் நம்பாதீங்க தம்பி" என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலில் பாதி அனுபவம் இருக்கிறது, பாதி தொழில்காப்பு இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இலவச சட்டத் தரவுத்தளங்களை நம்பலாமா என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் 'காசு கொடுத்து வாங்குவது சுத்தம், சும்மா கிடைப்பது கலப்படம்' என்கிற சந்தை நியாயத்தோடு முடிந்துவிடுகிறது. கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. தளத்தில் இருப்பது சரியா என்பது முதல் கேள்வி. தளத்தில் இல்லாதது எது, ஏன் இல்லை என்பது இரண்டாவது. தஞ்சைக் காவிரிப் படுகை போன்ற ஒரு பிரதேசத்தில் முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் ஆட்களைப் பாதிக்கிறது.

2

முதலில் புனிதங்களைக் கலைத்துவிடுவோம். அச்சில் வந்த தீர்ப்புத் தொகுதிகளில் நாம் கையாள்பவை அநேகமும் தனியார் பிரசுரங்கள். 1875-ஆம் ஆண்டின் இந்தியச் சட்ட அறிக்கைகள் சட்டம், அரசு அதிகாரத்தோடு வெளியாகும் தொகுதியைத் தவிர வேறு எதையும் மேற்கோளாகக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்றது. கேட்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும், ஆல் இந்தியா ரிப்போர்ட்டரும், 1969-இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட் கேசஸும் நுழைந்தன. அரசுத் தொகுதி தாமதமாக வந்தது, தனியார் தொகுதி சீக்கிரம் வந்தது. கைக்குக் கிடைத்ததே மேற்கோளாயிற்று. பலமுறை மேற்கோளானது அதிகாரம் பெற்றது. இன்று 'நெட்டு'க்கு எதிராக நிறுத்தப்படும் அச்சின் கௌரவம், கிடைப்பு என்கிற சாதாரணச் சங்கதியிலிருந்து பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தீர்ப்பு யாருடைய சொத்து என்ற வழக்கு 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் என்ற அந்த வழக்கில் டிசம்பர் 12 அன்று வந்த தீர்ப்பின் சாரம் இது: நீதிபதி எழுதிய மூலப்பாடம் பொதுவுடைமை. பிரசுரகர்த்தர் சேர்க்கும் தலைக்குறிப்பு, பத்தி பிரித்து எண்ணிட்ட முறை, எந்த நீதிபதி யாரோடு உடன்பட்டார் என்கிற குறிப்பு போன்ற உழைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சுஷாந்த் சின்ஹா இந்தியன் கானூன் தளத்தைத் தொடங்கினார். நீதிமன்றங்களின் இணையதளங்களில் சிதறிக் கிடந்த தீர்ப்புகளை இயந்திரம் திரட்டியது. தீர்ப்பையும் சட்டப் பிரிவையும் ஒன்றோடொன்று இணைத்தது. இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1992-லும் ஆஸ்திரேலியாவில் 1995-லும் இலவசச் சட்டத் தளங்கள் வந்துவிட்டன. 2002-இல் மாண்ட்ரியல் பிரகடனம், பொதுச் சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்தது. இங்கே உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுதியை மின்வடிவில் இலவசமாகத் திறந்துவிட்டது 2023 ஜனவரியில்தான். தனி ஒருவர் செய்ததை அரசு செய்ய 15 ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆக, மூலப்பாடம் என்ற அளவில் இலவசத் தளத்துக்கும் காசுத் தளத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்துதான் மொண்டுகொள்கின்றன. வித்தியாசம் மேலே சொன்ன உழைப்பில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பு பின்னால் ரத்தாயிற்றா, இந்தப் பிரிவு திருத்தப்பட்டதா என்று ஒரு மனிதர் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்றுச் சொல்கிற வேலை அது. காசு கொடுப்பவருக்கு அந்தப் பொறுப்பு கிடைக்கிறது. கொடுக்க முடியாதவருக்கு வெறும் பாடம் கிடைக்கிறது. வக்கீலின் பதிலில் இருந்த அனுபவப் பாதி இதுதான்.

3

வெறும் பாடம் என்ன செய்யும்? ஓர் உதாரணம். 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், நன்செய் நிலத்தில் சாதாரணக் கண்டுமுதலில் 40 விழுக்காட்டை நில உடைமையாளருக்குரிய குத்தகையாக வகுத்தது. பின்னால் வந்த திருத்தம் அதை 25 விழுக்காடாகக் குறைத்தது. திருத்தம் சேராத பழைய பிரதி ஒன்று எங்கோ ஒரு தளத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிழை எதுவும் இல்லாத பிரதி. 1956-இல் சட்டமன்றம் இயற்றிய பாடத்துக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையான பிரதி. அதைப் படித்து நடக்கிறவர் 100 மூட்டை கண்ட இடத்தில் 25 அளப்பதற்குப் பதில் 40 அளப்பார். சம்பா அறுத்துக் களத்தில் நிற்பவருக்கு அந்த 15 மூட்டையில்தான் அடுத்த சாகுபடியின் விதையும் கூலியும் இருக்கின்றன. பாடம் சரியாகவே இருக்கிறது. அது எந்தத் தேதிவரைக்குமான பாடம் என்பதுதான் சொல்லப்படவில்லை.

குற்றவியல் சட்டத்திலும் இதே கதை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை 302 என்று ஊருக்கே தெரியும்; இப்போது 103. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்ணே செல்லும். இரண்டு எண்ணும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று திரை தானாகச் சொல்லாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. நோட்டீஸ் கொடுத்தவர் தனி மிராசுதாரர் என்றால் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது என்றால் பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலம் பற்றிய 1961-ஆம் ஆண்டின் 57-ஆம் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். ஆதீனங்களும் கோயில்களும் நிறைந்த தஞ்சை மண்ணில் இது சிறிய வித்தியாசமில்லை. முதல் சட்டத்தை மட்டும் தேடிக் கண்டெடுத்தவர் 'எனக்குச் சட்டம் கிடைச்சிடுச்சு' என்று திருப்திப்பட்டுவிடுவார். தேடல் பெட்டி கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்கத் தெரியாததைப் பற்றி அது வாயே திறக்காது.

4

கேட்கத் தெரிவது என்றால் என்ன? ஆங்கிலத்தில் கேட்கத் தெரிவது. அதிலும் எந்த ஆங்கிலம்?

சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969-இல். அதற்கு முந்திய தீர்ப்புகளில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 'மெட்ராஸ்' சட்டம். பிந்திய தீர்ப்புகளில் 'தமிழ்நாடு' சட்டம். 1952-இல் அவசரச் சட்டமாக வந்து அவ்வாண்டே சட்டமான பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரில் தஞ்சாவூர் கிடையாது, 'டாஞ்சூர்'தான் உண்டு. மயிலாடுதுறை ஒரு காலத்தில் மாயவரம், இன்னொரு காலத்தில் மாயூரம். நாகப்பட்டினத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த எழுத்து வேறு. காவிரியை ஆங்கிலத்தில் எழுதவே இரண்டு முதலெழுத்துகள் புழங்குகின்றன. பண்ணையாள், குடியிருப்பு, வாரம், மிராசு என்ற சொற்களெல்லாம் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் ஏறியவை.

இதில் உச்சமான உதாரணம் காவிரி வழக்கே. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருட்கள் விவசாயிகள் நலஉரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்கிற விவசாயிகள் அமைப்பு 1983-இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்த மனுவின் மீதுதான், ஒரு மாதத்துக்குள் நடுவர்மன்றம் அமைக்கும்படி 1990 மே 4 அன்று மத்திய அரசுக்கு உத்தரவு வந்தது. ஜூன் 2-இல் நடுவர்மன்றம் அமைந்தது. 2007-இன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் கர்நாடகம் 177.25 டி.எம்.சி. திறந்துவிட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதையொட்டிய மேலாண்மை ஆணையம் எல்லாம் அந்த உத்தரவின் சந்ததிகள். அந்தச் சங்கத்தின் முழுப்பெயரும் அப்படியே ரோமன் எழுத்தில் வழக்கின் பெயராகிவிட்டது. ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் தேடல் தடுமாறும். டெல்டா விவசாயிகள் தாங்களே தொடுத்து வாங்கிய தீர்ப்பை டெல்டா விவசாயி ஒருவர் தன் மொழியில் தட்டிக் கண்டுபிடிப்பது இன்றும் சுலபமில்லை.

எல்லைகளும் குழப்புகின்றன. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகையும், 1997-இல் திருவாரூரும் பிரிந்தன. 2020-இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் மதுரைக்குப் போயிற்று. திருவாரூரும் நாகையும் சென்னையோடு தங்கின. ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் இரண்டு கிராமங்களின் வழக்குகள் இரண்டு அமர்வுகளின் பட்டியலில் கிடக்கின்றன. ஒன்றில் தேடிவிட்டு 'ஒண்ணும் இல்லை' என்று திரும்புவது எளிது.

5

இனி, தளத்தில் இல்லவே இல்லாதவற்றுக்கு வருவோம்.

1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரரை வெளியேற்றும் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாது. வருவாய்த் துறை அதிகாரி முன், வருவாய் நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே தோற்றவர் சீராய்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போகலாம். தரவுத்தளங்கள் தொடங்குவது அந்த உயர் நீதிமன்றப் படியில்தான். கீழே நடந்தவை கட்டுகளாகக் கட்டி அலுவலக அறைகளில் இருக்கின்றன. மேலே போனவர் யார்? பஸ் சார்ஜும் வக்கீல் பீஸும் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருக்க முடிந்தவர். அதாவது பெரும்பாலும் நிலமுடையவர், கோயில் நிர்வாகம், மடம். சங்கத்தின் துணை இருந்தால் சில குத்தகைதாரர்கள். கீழே ஜெயித்து, எதிராளி மேலே போகாமல் விட்டதால் நிலத்தில் நிலைத்துவிட்ட குத்தகைதாரரின் வெற்றி எந்தத் தளத்திலும் கிடையாது. மேல்முறையீட்டில் தலைகீழானால் மட்டும் அந்த வெற்றி செய்தியாகிறது, அதுவும் தோல்வியின் முன்கதையாக. ஆகவே 'குத்தகைதாரர் வெளியேற்றம்' என்று தேடுபவருக்குக் கிடைக்கும் சித்திரம் ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்தச் சாய்வுக்குத் தளத்தை நடத்துபவரின் கெட்ட எண்ணம் காரணமில்லை. நீதிமன்ற ஏணியின் அமைப்பே அப்படி.

வெண்மணியைப் பார்ப்போம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினத்து விசாரணை நீதிமன்றம் 1970-இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதாரர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதாரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற அதன் வாதம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பின் ஆண்டைப் பாருங்கள். 1973 என்று சில கட்டுரைகளிலும் 1975 என்று சில கட்டுரைகளிலும் இரண்டு ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழகத்தின் மிகப் பிரபலமான தீர்ப்புகளில் ஒன்றைப் பற்றியே நிலைமை இது. மூலத்தைப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறோம். 'நெட்டை நம்பாதே' என்கிற நமது அறிவுலகம் எதை நம்பி எழுதிக்கொண்டிருந்தது என்றும் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. தண்டித்த தீர்ப்பு விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு. தீர்ப்புத் தொகுதிகள் எப்போதும் உயர் நீதிமன்றத்துக்கு மேற்பட்டவற்றையே அச்சிட்டன. இணையத் தளங்கள் அந்தத் தொகுதிகளின் பழக்கத்தைச் சுவீகரித்துக்கொண்டன. கீழமை நீதிமன்றங்களை இணைக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-இல்தான் தொடங்கியது. எனவே விடுவித்த குரல் 'சட்ட'மாக வாழ்கிறது. சாட்சிகளை நேரில் பார்த்து, அவர்கள் பேசியதைக் கேட்டு, நம்பித் தண்டித்த குரல் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சில பத்திகளுக்குள் சுருக்கமாகவே எஞ்சுகிறது, மறுக்கப்படுவதற்காக. ரணஜித் குஹா 1987-இல் எழுதிய 'சந்திராவின் மரணம்' கட்டுரை, வங்காளக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் சாவு எப்படி நீதித்துறை ஆவணத்தின் துண்டாக மட்டும் எஞ்சுகிறது என்று காட்டியது. அவருக்குத் துண்டாவது கிடைத்தது. ஆவணக்காப்பகத்தைக் குறிக்கும் மேற்கத்தியச் சொல்லின் கிரேக்க வேர் அதிகாரிகள் வாழ்ந்த வீட்டைக் குறித்தது என்று தெரிதா 1994-இல் இலண்டன் உரையில் நினைவூட்டினார். வீடு இப்போது சர்வருக்குள் குடிபெயர்ந்திருக்கிறது. வாசலில் பூட்டு இல்லை. உள்ளே யாருடைய காகிதம் போகலாம் என்கிற விதி மட்டும் மாறவில்லை.

6

இதோடு ஒப்பிட, மதுரைக் கிளையில் நடந்த வழக்கொன்று இருக்கிறது. குற்றவழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தன் பெயரோடு அந்தத் தீர்ப்பு இணையத்தில் கிடப்பது வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதி அமர்வு, தீர்ப்பை நீக்கும்படி இந்தியன் கானூனுக்கு உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்த மனிதரின் வருத்தம் நியாயமானது; பெயரை மறைத்துத் தீர்ப்பை வைத்திருக்க வழி உண்டு. ஆனால் தீர்ப்பே போகலாம் என்றானால், இல்லாமைகளின் பட்டியலில் இன்னொரு வகை சேரும். எது நீக்கப்பட்டது என்பதே படிப்பவருக்குத் தெரியாது. இங்கே ஒருவர் மறக்கப்படும் உரிமையைக் கேட்கிறார். வருவாய் நீதிமன்றத்துக் குத்தகைதாரர் கேட்காமலேயே மறக்கப்பட்டுவிட்டார்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. நல்ல காரியம். ஆனால் மொழிபெயர்ப்போடு ஒரு எச்சரிக்கையும் வருகிறது: இது வழக்காடி தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும், ஆங்கில வடிவமே செல்லுபடியாகும். புரிந்துகொள்ளத் தமிழ், செல்லுபடியாக ஆங்கிலம் என்கிற இந்தப் பிரிவினை அரசியல் சட்டத்தின் 348-ஆம் உறுப்பிலிருந்து வருகிறது. தமிழில் படித்து நம்பிக்கை கொண்ட ஒருவர் அந்த நம்பிக்கையைக் கோர்ட்டில் காட்ட முடியாது. தளத்தின் நம்பகத்தன்மையைப் பேசுகிறவர்கள் இந்த நம்பிக்கைக் குறைப்பைப் பேசுவதில்லை.

இன்னொரு பக்கம், இல்லாததை இருப்பதாகக் காட்டும் இயந்திரங்களும் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணை ஒன்றே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, பிறகு திரும்பப் பெறப்பட்டது. இம்மாதிரிப் பொய்யைச் சந்தேகப்படும் ஏழை வழக்காடி ஒருவர் சரிபார்க்கப் போகக்கூடிய இடம் எது? அதே இலவசத் தளம்தான். ஆனால் அங்கேயும் 'கிடைக்கவில்லை' என்று வந்தால், அந்தத் தீர்ப்பு புனைவா, அல்லது ஏற்றப்படாமல் விடுபட்டதா? இடைவெளிகள் அறிவிக்கப்படாத தளத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

7

ஆகவே, நம்பலாமா? இருப்பதைப் பொறுத்தவரை பெரும்பாலும் நம்பலாம், மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு. இல்லாததைப் பற்றி அது காட்டும் மௌனத்தை ஒருபோதும் நம்பக் கூடாது. திரையில் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால், ஆங்கிலத்தில் இந்த எழுத்தில் மேல் நீதிமன்றத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றே படிக்க வேண்டும்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 32-ஆம் பிரிவு, சட்ட நூல் என்பதில் மின்வடிவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. சட்டத்தின் பாடமாக இருந்தால் அது அரசின் அதிகாரத்தில் வெளியானதாக இருக்க வேண்டும் என்கிறது. தீர்ப்பானால் தீர்ப்பறிக்கை என்ற தோற்றமே போதும் என்கிறது. அப்படியானால் சட்டப் பாடத்தைத் திருத்தங்களோடு, தேதியோடு, தமிழிலும் வெளியிடும் கடமை அரசுடையது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, தீர்ப்பை அப்படியே வெளியிட யாருக்கும் அனுமதி தந்துவிட்டு, சட்டத்தின் பாடத்தை வெளியிட மட்டும் உரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. தானும் ஒழுங்காக வெளியிடாமல் பிறரையும் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

கோரிக்கைகள் எளியவை. மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் 'இன்ன தேதிவரை திருத்தப்பட்டது' என்ற வரி வேண்டும். வருவாய் நீதிமன்ற ஆணைகள், குத்தகைதாரரின் பெயரை வேண்டுமானால் மறைத்து, தளமேற வேண்டும். ஒவ்வொரு தளமும் தன்னிடம் எந்த நீதிமன்றம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, எது இல்லை என்பதை முகப்பிலேயே சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அன்றைய விலையை எழுதிப் போடுகிற அளவு பொறுப்பு போதும். விவசாயச் சங்கங்களும் தலித் அமைப்புகளும் தங்கள் அலுவலகங்களில் முடங்கிக் கிடக்கும் பழைய உத்தரவு நகல்களைத் திரட்டத் தொடங்கலாம். அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே ஜெயித்தவர்களின் கதை அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறது. அவை கரையானுக்குப் போவதற்குள் படியெடுக்கப்பட வேண்டும்.